விரல் ஆக்சிமீட்டர்: ஒரு தெருவே பயன்படுத்திப் பார்த்தது

2021 மே மாதம் மதுரையில், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கிய யாரும் மாடல் பார்த்து, ஸ்டார் பார்த்து, நாலு கடையில் விலை விசாரித்து வாங்கியிருக்க மாட்டார்கள். கிடைத்ததை வாங்கினோம். எனக்குக் கடைக்காரர் சொன்ன விலை 2,000 ரூபாய்க்கு மேல். முந்தின வருஷம் இதே மாதிரி ஒன்றை நண்பர் ஒருவர் இதில் பாதிக்கும் குறைவாக வாங்கியிருந்தார். பில் கேட்டதற்கு, "பில் வேணும்னா ஸ்டாக் இல்ல சார்" என்றார் கடைக்காரர், சிரிக்காமல். பெட்டியின் மேல் ஒரு கம்பெனி பெயர், கருவியின் முதுகில் இன்னொரு பெயர், உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தில் மூன்றாவதாக ஒன்று. ஆகவே எந்த பிராண்ட் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

இப்போது எதற்கு இதற்கு விமர்சனம் என்றால் இரண்டு காரணம். ஒன்று, அது இன்னும் வேலை செய்கிறது, ஊரில் வயதான அப்பா அம்மாவை வைத்திருப்பவர்கள் வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு, இதை நான் மட்டும் பயன்படுத்தவில்லை, எங்கள் தெருவே பயன்படுத்தியது. கொரோனா இருக்கிறதா இல்லையா என்பதிலேயே ஒத்துப்போகாத ஒரு தெரு.

முதலில் கருவி. துணி காயப்போடும் கிளிப் அளவுதான் இருக்கும். வாயைத் திறந்து விரலை விட்டால் மேலே இருந்து இரண்டு விளக்குகள் எரியும். ஒன்று சிவப்பு, கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று அகச்சிவப்பு, தெரியாது. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டு ஒளியையும் வேறுவேறு அளவில் உறிஞ்சும். கீழே இருக்கும் உணரி எவ்வளவு ஒளி விரலைத் தாண்டி வந்தது என்று பார்த்து, நாடி துடிக்கும்போது மாறுகிற பங்கை மட்டும் பிரித்தெடுத்து, சதவீதமாகக் காட்டும். ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது. நாடித்துடிப்பை வைத்தே கணக்குப் போடலாம் என்ற இந்த யோசனை 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானில் நிஹான் கோடன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த டகுவோ அவோயாகிக்குத் தோன்றியது. அவர் காலமானது 2020 ஏப்ரல் மாதம், உலகம் முழுக்க அவருடைய கருவியைத் தேடி அலைய ஆரம்பித்த அதே நேரத்தில். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு என்னமோ செய்தது.

செல்போன் ஆப் ஒன்று இருக்கிறது, கேமரா மேல் விரலை வைத்தால் ஆக்சிஜன் சொல்லும் என்று அப்போது எல்லாக் குரூப்பிலும் ஓடியது. போனின் ஃபிளாஷ் வெறும் வெள்ளை விளக்கு, அதில் இந்தக் கணக்குக்கு வேண்டிய அகச்சிவப்பு ஒளி கிடையாது. நாடித்துடிப்பு சொல்லலாம், அதோடு சரி. எங்கள் தெருவில் ஒருவர் அந்த ஆப்பை நம்பி "எனக்கு 99" என்று தினமும் குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தார். காலை வணக்கம் படத்துக்குக் கீழே 99. யாரும் மறுத்துச் சொல்லவில்லை, நன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

சரி, தெருவுக்கு வருகிறேன். இருபது வீடு இருக்கும். எதிர்வீட்டில் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், எல்லோருக்கும் அவர் மேனேஜர் சார். 2020 மார்ச்சில் கை தட்டச் சொன்னபோது தட்டினார், ஏப்ரல் 5 ராத்திரி விளக்கேற்றச் சொன்னபோது ஏற்றினார், அதற்கப்புறம் கேட்டைத் தாண்டி வெளியே வரவில்லை. பால் பாக்கெட்டை சோப்புத் தண்ணீரில் கழுவுவார், பேப்பரை வெயிலில் காயப்போட்டுப் படிப்பார். தெருமுனையில் பெயிண்டர் அண்ணன். மாஸ்க் என்றாலே அவருக்குக் கோபம் வரும். "எல்லாம் ஆஸ்பத்திரிக்காரன் பில் போடுற வேலை தம்பி" என்பார். இவர்கள் இருவருக்கும் நடுவில் மீதி வீடுகள், கபசுரக் குடிநீரும் குடித்துக்கொண்டு, வாசலில் வேப்பிலையும் கட்டிக்கொண்டு, டாக்டர் எழுதிய மாத்திரையையும் போட்டுக்கொண்டு. என் அம்மா இந்தக் கட்சி. எது பலிக்கும் என்று தெரியாதபோது எல்லாவற்றையும் செய்து வைப்பதுதான் புத்தி என்பது அவருடைய வாதம், நானும் மறுத்துப் பேசியதில்லை.

மேனேஜர் சாருக்கும் பெயிண்டர் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது தேர்தலால். கட்சி பேதம் எல்லாம் இல்லை. 2021 ஏப்ரல் 6 ஓட்டுப்பதிவு வரைக்கும் ஊரில் பொதுக்கூட்டமும் ஊர்வலமுமாக இருந்தது, யாருக்கும் தொற்று ஞாபகம் இல்லை. அதே மாதம் கடைசியில் சித்திரைத் திருவிழா, முந்தைய வருஷம் மாதிரியே பக்தர்கள் இல்லாமல் கோயிலுக்குள்ளேயே என்று ஆகிவிட்டது. "ஓட்டுக் கேக்க கூட்டம் கூடலாம், அழகர் ஆத்துல எறங்கக் கூடாதா?" என்று பெயிண்டர் அண்ணன் தெருவில் நின்று கேட்டார். மதுரைக்காரனாக எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. மேனேஜர் சார் மாடியில் நின்றபடி, இவரைப் போல ஆட்களால்தான் நோய் பரவுகிறது என்று ஏதோ சொல்ல, அவர் பதிலுக்கு ஒன்று சொல்ல, முடிந்தது கதை. ஆனால் பாருங்கள், அந்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தைப் பார்த்து, இரண்டாம் அலைக்கு நீங்கள்தான் பொறுப்பு என்கிற அளவுக்குக் கடுமையாகப் பேசியது. பெயிண்டர் அண்ணன் அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து கத்தரித்து வைத்திருந்தார். நோயே இல்லை என்றவர், நோயைப் பரப்பியது யார் என்று சொன்ன செய்தியை ஏன் பத்திரப்படுத்தினார் என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் எல்லோர் தலைக்குள்ளும் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு மூன்று எண்ணங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

தடுப்பூசி விஷயமும் அப்படித்தான். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். 17-ஆம் தேதி இறந்துபோனார். மாரடைப்பு, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அப்போதே சொன்னார்கள், பிறகு மத்திய அரசின் குழுவும் ஆராய்ந்து அதையேதான் சொன்னது. ஆனால் எங்கள் தெருவில் அந்த வாரமே நாலைந்து வீட்டில் ஊசி வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நமக்குப் பிடித்த மனிதர், நம்மைச் சிரிக்க வைத்தவர், முந்தாநாள் டிவியில் பார்த்தோம். காரணம் எதுவாக இருந்தாலும் பயம் அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது.

இப்படிப்பட்ட தெருவுக்குள்தான் இந்தக் கருவி நுழைந்தது. வாங்கிய அன்றைக்கே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மருந்துக்கடைப் பையனும் எங்கள் தெருதான். முதலில் கேட்டு வந்தது பக்கத்து வீட்டு அக்கா, "சும்மா பாக்கத்தான் தம்பி, ஒண்ணுமில்ல". அப்புறம் ஒவ்வொருவராக, எல்லோரும் சும்மா பார்க்கத்தான். கருவியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து மஞ்சப்பையில் போட்டு அவர்கள் கேட்டில் மாட்டிவிட்டு வருவேன், பார்த்து முடித்ததும் என் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் சிக்கல் புரிந்தது. எந்த வீட்டு கேட்டில் மஞ்சப்பை தொங்குகிறதோ அந்த வீட்டில் காய்ச்சல் என்று தெரு படித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. 2020-இல் மாநகராட்சிக்காரர்கள் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டித் தகரம் அடைத்தார்கள். அந்த வீட்டுக்குப் பால் போடக்கூடக் கூடாது என்று சண்டை நடந்தது எங்கள் தெருவில்தான். வீட்டு வாசலில் இப்படிப் போஸ்டர் ஒட்ட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரில் சொல்லியிருந்தது. நோட்டீஸ் போய்விட்டது, அதன் வேலையை என் மஞ்சப்பை பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் ராத்திரி இருட்டிய பிறகு நானே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்து, நின்று வாங்கி வந்தேன்.

அப்படி ஒரு ராத்திரிதான் பெயிண்டர் அண்ணன் வீட்டு மதினி வந்து கூப்பிட்டார். "தம்பி, அந்த விரல் மிஷினக் கொண்டாங்க. உங்கண்ணன் ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்காரு." போனேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார், நன்றாகப் பேசினார், மூச்சு வாங்கவில்லை. "சளிதான், இவ சும்மா பயப்படுறா" என்றார். விரலை மாட்டியதும் 86 காட்டியது. "பாத்தியா, மிஷின் பொய் சொல்லுது" என்று சிரித்தார். எனக்கும் சந்தேகம்தான். காரணம் அவருடைய நகம். ஆள்காட்டி விரல் நகத்தில் நீல எனாமல் பெயிண்ட் காய்ந்து அப்பியிருந்தது. நகப்பூச்சு இருந்தால் ஒளி சரியாகப் போகாது, தப்பாகக் காட்டும் என்று பெட்டிக்குள் இருந்த காகிதத்திலேயே போட்டிருந்தது. மதினி உள்ளே போய்த் தின்னர் பாட்டிலைக் கொண்டுவந்தார். பழைய துணியில் நனைத்து ஒரு நகத்தைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தோம், திண்ணை முழுக்கத் தின்னர் வாடை, அந்த வாடை அவருக்குத் தெரியவில்லை என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. கையை உரசிச் சூடாக்கச் சொன்னேன், ஒரு நிமிஷம் அசையாமல் இருக்கச் சொன்னேன். 89. என் விரலை விட்டேன், 97. மதினி விரலில் 96. திரும்ப அவருடைய மோதிர விரலில் 89. பெயிண்டும் மிஷினும் தப்பித்துக்கொண்டன, அவர் மாட்டிக்கொண்டார்.

மூச்சுத்திணறலே தெரியாமல் ஆக்சிஜன் குறைவதுதான் அந்த நோயின் குரூரம். டாக்டர்களே ஆச்சரியப்பட்டு எழுதிய விஷயம் அது. 94-க்குக் கீழே போனால் டாக்டரிடம் பேசு, 90-க்குக் கீழே போனால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ என்பதுதான் அப்போது எல்லோருக்கும் சொல்லப்பட்ட கணக்கு. குப்புறப் படுத்தால் நுரையீரலுக்குக் கொஞ்சம் உதவும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரலில் படத்தோடு ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தது. கழுத்துக்கு ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து தொடை வரைக்கும் ஒன்றிரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு. அந்த வீட்டில் அத்தனை தலையணை இல்லை, சேலையைச் சுருட்டி வைத்தோம். 89 மெல்ல 91 ஆயிற்று. 108-க்கு அடித்தால் லைன் கிடைக்கவில்லை. யாருக்கோ போன் போட்டு எந்த ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் படுக்கை இருக்கிறது என்று விசாரித்து, கார் ஏற்பாடு செய்தது யார் என்று நினைக்கிறீர்கள்? எதிர்வீட்டு மாடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் சார். இறங்கி வரவில்லை, பேசவும் இல்லை. எனக்கு போன் போட்டு, "கார் வருது, பின் சீட்ல ஜன்னலத் தொறந்து வச்சு உக்காரச் சொல்லு" என்றார், வைத்துவிட்டார்.

அண்ணன் பிழைத்து வந்தார். வந்ததும் மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான், ஆனால் மாறவில்லை. "நிமோனியா சளி, அத கொரோனான்னு எழுதிட்டாங்க" என்றார். ஊசி போட்டுக்கொண்டது ரொம்பப் பின்னால், வேலை எடுத்த இடத்தில் சான்றிதழ் கேட்டார்கள் என்பதற்காக. மேனேஜர் சாரோடு இன்றைக்கும் பெரிய பேச்சு இல்லை. ஆனால் அவர் வீட்டு கேட்டுக்கு அந்தத் தீபாவளிக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார், காசு வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது.

கருவி மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு இதுதான் காரணம். அது யாரிடமும் நோயை நம்பு என்று கேட்பதில்லை. விரலை மட்டும் கேட்கிறது. யார் சொன்னாலும் கேட்காத மனிதரிடம் இன்னொரு விரலையும் விட்டுக் காட்ட முடிந்தது, அது போதுமானதாக இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும், நிறையவே இருக்கின்றன.

துல்லியம் பற்றி நிறையப் பேர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். நல்ல கருவியிலேயே இரண்டு மூன்று புள்ளி முன்னே பின்னே இருக்கும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021 பிப்ரவரியில் விட்ட எச்சரிக்கையில், 90 என்று காட்டினால் ரத்தத்தில் உண்மை அளவு 86-லிருந்து 94-க்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று விளக்கியிருந்தது. 97-ஆ 98-ஆ என்று கணவனும் மனைவியும் சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை. நேற்று 97, இன்று 95, நாளை 93 என்று இறங்குகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, தோல் நிறம். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை நேரடியாகச் சோதித்துப் பார்த்தது. உண்மையில் 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பின மக்களில் 11.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. கருத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்ட வாய்ப்பு உண்டு என்று அர்த்தம். நம் ஊரில் விற்கும் பெட்டி எதிலும் இதை நான் பார்க்கவில்லை. கருத்த தோல் உள்ளவர்கள் 94, 95 காட்டும்போது உடம்பு முடியவில்லை என்றால், எண்ணைப் பார்த்து நிம்மதி அடையாமல் உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டும். இன்னொன்று, இந்தக் கருவிக்கு ஆக்சிஜனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் வித்தியாசம் தெரியாது. தொடர்ந்து சிகரெட் பிடிப்பவர்களுக்கும், மூடிய அறையில் புகை சூழ்ந்து மாட்டிக்கொண்டவர்களுக்கும் நல்ல எண்ணே காட்டிவிடும்.

கறுப்பு மெஹந்தி, நகப்பூச்சு, குளிர்ந்த கை, நேர் வெயில், கை நடுக்கம், இவை எல்லாமே எதிரிகள். ஏசி அறையிலிருந்து வந்த உடனே பார்த்தால் என் அம்மாவுக்கு எண்ணே வராது, கோடு கோடாகக் காட்டும். குழந்தைகளின் சின்ன விரலுக்கு இந்தப் பெரியவர்கள் கருவி சரிப்படாது, அதற்கென்று தனியாக இருக்கிறது. உள்ளே இருக்கும் ரப்பர் மெத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்து இறுகிவிட்டது, இப்போது விரலை விட்டால் லேசாக வலிக்கிறது. பென்சிலை நுழைத்தாலும் 98 காட்டும் போலி மிஷின் என்று ஒரு வீடியோ சுற்றியது ஞாபகம் இருக்கலாம், நானும் பென்சிலை விட்டுப் பார்த்தேன், என்னுடையது வெறும் கோடுதான் காட்டியது. பெயர் தெரியாத கம்பெனிக்கு அந்த ஒரு மார்க் கொடுக்கலாம்.

பெரிய குறை கருவியில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. மேனேஜர் சார் பிறகு சொந்தமாக ஒன்று வாங்கினார். ஒரு நோட்டுப் போட்டு, நேரம் எழுதி, எண் எழுதி, பேங்க் லெட்ஜர் மாதிரியே சிவப்பு மையில் அடிக்கோடு. முதலில் காலை மாலை, அப்புறம் மணிக்கு ஒருமுறை, அப்புறம் தூக்கத்தில் எழுந்து. 96 வந்தால் விரலை மாற்றி 98 வரும் வரை பார்ப்பார். அவருக்குக் காய்ச்சலே வரவில்லை, ஆனால் அந்த மாதங்களில் அவர் தூங்கவும் இல்லை. அவர் மனைவி ஒருநாள் பேட்டரியைக் கழற்றிப் புடவை மடிப்பில் ஒளித்துவைத்துவிட்டார். எது நடக்கும் என்று தெரியாத காலத்தில் ஓர் எண் கையில் கிடைத்தால் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். உடம்பு நன்றாக இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் பார்ப்பதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. காய்ச்சல் இருந்தால் உட்கார்ந்து ஒருமுறை, ஆறு நிமிஷம் வீட்டுக்குள்ளேயே நடந்துவிட்டு ஒருமுறை பார்க்கச் சொன்னார்கள். நடந்த பிறகு மூன்று நாலு புள்ளி விழுந்தால் கவனம். தனியாக, தள்ளாடுகிற நிலையில் இதைச் செய்யக் கூடாது.

விலை பற்றி ஒரு வார்த்தை. நாம் கொடுத்த அநியாய விலையை அரசாங்கமே பிற்பாடு கணக்கெடுத்தது. ஆக்சிமீட்டர், பிபி மிஷின், நெபுலைசர், தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர் ஆகிய ஐந்திலும் வியாபார லாபம் 3 சதவீதத்திலிருந்து 709 சதவீதம் வரை இருந்ததாம். 709! அதனால் 2021 ஜூலை 20 முதல் 70 சதவீதத்துக்கு மேல் லாபம் வைக்கக் கூடாது என்று தேசிய மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு போட்டது. ஜூன் மாதம் ஜிஎஸ்டியையும் 12-லிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். நல்ல காரியம்தான், ஆனால் எங்கள் தெரு பையை நீட்டி நின்றது ஏப்ரல், மே மாதங்களில்.

இப்போது யார் வாங்கலாம்? ஆஸ்துமா, சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் நோய், இதயக் கோளாறு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, ஒன்று இருப்பது நல்லது. நன்றாக இருக்கும் நாளில் பார்த்து, உங்கள் வழக்கமான எண் என்ன என்று எழுதி வையுங்கள், அது தெரியாமல் காய்ச்சல் நாளில் பார்த்துப் பலன் குறைவு. சும்மா இருக்கட்டும் என்று வாங்குகிறவர்கள், வீட்டில் மேனேஜர் சார் மாதிரி யாராவது இருந்தால் வேண்டாம், நிம்மதியாக இருங்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. பில்லோடு, கம்பெனி பெயரும் முகவரியும் பெட்டியிலும் கருவியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நாடி அலை ஓடும் திரை உள்ளதாக வாங்கினால் இன்னும் நல்லது, அலை சீராக ஓடினால்தான் எண்ணை நம்பலாம். கூட வரும் பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல டிரிபிள் ஏ இரண்டு தனியாக வாங்குங்கள். பயன்படுத்தாத நாட்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கசிந்தால் உள்ளே தகடு அரித்துவிடும்.